விஜயதசமிக்கு முன்னாடி ஒரு பேச்சு: பிள்ளையின் விரல் எங்கே ஆரம்பிக்கணும்?

 

எழுத்தறிவிப்புக்குப் பேர் கொடுக்க வரும் பெற்றோர், தொண்டூழியர்களான எங்களிடம் கேட்பது பெரும்பாலும் மூணு விஷயம்தான். எத்தனை மணிக்கு வரணும், தட்டுல என்ன வைக்கணும், போட்டோ எடுக்கலாமா. அரிசியில் பிள்ளையின் விரல் எந்தப் பக்கமா நகரணும்னு யாரும் கேட்பதில்லை. எங்களுக்கு அதுதான் முதல் கேள்வி.

நம்ம புக்கிட் மேரா புளோக்குகளில் பக்கத்து வீட்டுச் சீனப் பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதுவதைக் கவனிச்சுப் பாருங்க. ஒவ்வொரு எழுத்துக்கும் கோடுகளின் வரிசை உண்டு. மேலிருந்து கீழ், இடமிருந்து வலம். 'பத்து' என்ற எழுத்து பார்க்கக் கூட்டல் குறி மாதிரிதான் இருக்கும், ஆனா குறுக்குக் கோடுதான் முதல்ல, நெட்டுக் கோடு அப்புறம். 'மனிதன்' என்ற எழுத்துக்கு ரெண்டே கோடு; இடப்பக்கம் சாய்வது முந்தி வரணும். 'நாடு' என்ற எழுத்து ஒரு பெட்டி. மூணு பக்கம் எழுப்பி, உள்ளே எழுத வேண்டியதை எழுதி, கடைசியாத்தான் அடிக்கோட்டைப் போட்டு மூடணும். ஆட்கள் உள்ளே வந்த பிறகு கதவைச் சாத்துன்னு பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பாங்க. நடை சாத்துவதைத் தினம் பார்க்கிற நமக்கு இதை விளக்கவா வேணும்!

இந்த வரிசை ஒண்ணும் வானத்திலிருந்து விழுந்ததல்ல. சீனா, தைவான், ஜப்பான் மூணு இடத்திலும் சில எழுத்துகளுக்கு வரிசை மாறும். சிங்கப்பூரே 1969-ல் தனக்கென ஓர் எளிய எழுத்துப் பட்டியல் போட்டு, 1976-ல் சீனாவின் பட்டியலுக்கு மாறியது. மனிதர் வகுத்ததுதான். இருந்தும் விடாமல் சொல்லிக் கொடுக்கிறாங்க. காரணம் இருக்கு. வேகமா எழுதும்போது கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டும். வரிசை சரியா இருந்தாத்தான் இன்னொருத்தர் அதைப் படிக்க முடியும்.

"தமிழுக்கு அப்படி ஒண்ணும் இல்லையே" என்று நம்மில் சிலர் சொல்றாங்க. இருக்கு. பிள்ளையார் சுழியையே எடுத்துக்குங்க. சுழித்துத் தொடங்கி, வளைந்து இறங்கி, வலப்பக்கம் கோடா நீண்டு முடியும். அதைக் கோட்டிலிருந்து திருப்பிப் போட்டா உங்க பாட்டி சும்மா இருப்பாங்களா? 'அ'வும் சுழியில் பிறந்து நெட்டுக் கோட்டில் முடியுது. புள்ளி வைக்காமல் யாரும் சிக்குக் கோலம் இழுக்கிறதில்லை.

இதைவிட முக்கியம் கொம்பு. 'கோ' என்று கையால் எழுதினா முதலில் கொம்பு, பிறகு 'க', கடைசியில் கால். கைப்பேசியில் அப்படி இல்லை. 'க' தட்டிய பிறகுதான் மற்றது. கொம்பை முன்னால் கொண்டுபோய் வைப்பது திரை. பழைய தட்டச்சுப் பொறியில்கூடக் கொம்பைத்தான் முதலில் தட்டணும். ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் நாங்க பார்க்கிறது என்னன்னா, கைப்பேசியில் பழகிய பிள்ளை 'க' எழுதி, கால் போட்டு, அப்புறம் கொம்புக்கு இடம் தேடுது. இடம் இல்லைன்னா விட்டுடுது. 'கோயில்' காயிலாப் போகுது.

"இனிமே எல்லாமே கணினிதானே, கையெழுத்து எதுக்கு?" என்று கேட்கும் அப்பாக்களிடம் நாங்க சண்டைக்குப் போகலை. ஆனா கணக்கைப் பாருங்க. 2020 குடிமதிப்பீட்டின்படி, 5 வயதும் அதற்கு மேலும் உள்ள குடியிருப்பாளர்களில் வீட்டில் அதிகம் பேசுவது தமிழ் என்றவர்கள் 2.5 விழுக்காடு. பத்து வருஷத்துக்கு முன் இது 3.3. ஆங்கிலமோ 48.3. வீட்டில் காதில் விழுவதே குறையும்போது, கை பழகிய எழுத்தாவது பிள்ளையிடம் தங்கட்டும் என்கிறோம்.

ஒண்ணு மட்டும் சொல்லிடுறோம். யானைத் தும்பிக்கை போட்டு 'லை' எழுதும் பாட்டிகளை யாரும் திருத்த வேண்டாம். 1978-ல் தமிழ்நாட்டு அரசு மாத்தினதை அப்புறம் சிங்கப்பூரும் எடுத்துக்கிச்சு, சரி. அந்தத் தும்பிக்கையும் முறையா எழுதினதுதான்.

அதனால இந்த வருஷம் வரிசை கொஞ்சம் மெதுவா நகரும். ஒரு பிள்ளைக்குக் கூடுதலா ரெண்டு நிமிஷம். குருக்கள் விரலைப் பிடிக்கும்போது கேமராவுக்காகப் பிள்ளையின் முகத்தைத் திருப்பாதீங்க. எழுதி முடிச்சதும் எவ்வளவு வேணும்னாலும் எடுங்க. அம்மா சீனராக இருக்கும் குடும்பங்களும் நம்ம கோயிலுக்கு வர்றாங்க. தமிழ் எழுதி முடிந்தபின் அந்தப் பாட்டி பேரப்பிள்ளையின் விரலைப் பிடித்து 'மனிதன்' என்ற எழுத்தை அரிசியில் எழுத ஆசைப்பட்டால், நிர்வாகம் சம்மதிக்கணும் என்பது எங்க கருத்து. வாட்டர்லூ ஸ்திரீட் கிருஷ்ணன் கோயிலில் சீனர்கள் ஊதுபத்தி ஏந்திக் கும்பிடுவதை எத்தனையோ வருஷமாப் பார்க்கிறோம். சரஸ்வதி தாயார் கோவிச்சுக்க மாட்டாங்க.

எழுதிய அரிசியைப் பையில் கட்டித் தருவோம். வீட்டில் ஒரு தாம்பாளத்தில் கொட்டி, சமைக்கும் முன் ஒரு வாரமாவது பிள்ளையை அதில் எழுத விடுங்க. கொம்பு முதல்ல.