மூச்சையும் எண்ணுவோம்

காய்ச்சல் கண்டால் வீட்டில் வெப்பமானியைத் தேடுகின்றனர். இரத்த அழுத்தம், சர்க்கரை எவ்வளவு என்றால் பலரும் உடனே எண்ணைச் சொல்கின்றனர். ‘நிமிடத்திற்கு எத்தனை முறை மூச்சு விடுகிறார்?’ என்று நாங்கள் கேட்டால் மட்டும் விடை கிடைப்பதில்லை. உடல்நிலை சீர்கெடுவதை முன்னதாகவே காட்டும் அறிகுறிகளுள் ஒன்று மூச்சின் வேகம். கடிகாரம் ஒன்று போதும். குடும்பத்தார் அனைவரும் மூச்சை எண்ணக் கற்க வேண்டும் என்பது எங்கள் கருத்து.

நோயாளி அமைதியாக இருக்கையில், அவர் அறியாதவாறு, மார்பும் வயிறும் உயர்ந்து தாழ்வதை ஒரு நிமிடம் முழுவதும் எண்ணுங்கள். எண்ணுவதை அறிந்தால் மூச்சின் போக்கு மாறிவிடும். ஓய்விலிருக்கும் பெரியவருக்கு 12 முதல் 20 வரை இயல்பு. 25-ஐ எட்டினாலோ, 8-க்கு இறங்கினாலோ அவசரம். குழந்தைகளுக்கு அளவு வேறு. இரண்டு மாதம் நிறையாத சிசுவுக்கு 60, அதன்பின் ஓராண்டு வரை 50, ஐந்து வயது வரை 40. இவற்றை எட்டினால் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

மூச்சிழுக்கையில் விலாவின் கீழ்ப்பகுதி உட்குழிதல், மூக்குத் துவாரம் விரிதல், படுக்க இயலாமை, ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் பேசி முடிக்க இயலாமை, உதடும் நாவும் நீலம் பாரித்தல், மனக்குழப்பம் ஆகியவற்றுள் ஒன்று தென்பட்டாலும் எண்ணிக்கொண்டிராமல் 108-ஐ அழையுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் நல்ல எண்ணைக் காட்டுகிறதென்று வாளாவிருத்தல் கூடாது. வேகமாக மூச்சுவிட்டே உடல் அந்த எண்ணைக் காத்துக்கொண்டிருக்கக்கூடும்.

அருப்புக்கோட்டை நூற்பாலைகளின் பஞ்சுத் தூசியிலும், திருச்சுழி வட்டாரத்துக் கரிமூட்டங்களின் புகையிலும், விறகடுப்பின் முன்னும் பல்லாண்டுகள் உழைத்தோர் நம்மிடையே உள்ளனர். ‘வயதானால் இளைக்கத்தான் செய்யும்’ என்னும் பேச்சு அவர்களது நோயை மறைத்துவிடுகிறது. ஓய்விலும் இளைப்பது முதுமையன்று, நோய். அத்தகையோர் நலமாயிருக்கும் நாளிலேயே மூச்சை எண்ணிக் குறித்து வையுங்கள். பின்னொரு நாள் அது கூடினால் உங்களுக்கே தெளிவாகத் தெரியும்.

‘பொழுது விடியட்டும், முதல் பேருந்தில் போகலாம்’ என்று காத்திருப்பது நம் கரிசல் ஊர்களின் வழக்கம். நள்ளிரவில் 28 என்று எண்ணியவர் விடியலுக்குக் காத்திருக்கலாகாது. எண்ணையும் எண்ணிய நேரத்தையும் ஒரு சீட்டில் எழுதி வாருங்கள். வந்தவுடன் அதைத்தான் நாங்கள் முதலில் பார்ப்போம்.