பூட்டிய அறைக்குள் வெளியார் நுழையட்டும்: சித்திரவதைத் தடுப்பில் தெற்காசியக் கூட்டு முயற்சி குறித்த நிலைப்பாட்டு அறிக்கை

அங்காரா காவல்துறைத் தலைமையகத்தில் ‘விசாரணை அறை’ என்று பலகை மாட்டிய ஓர் அறை. உள்ளே ஸ்ட்ரெச்சர் போன்ற தாழ்வான கட்டில். பக்கத்துக்கு நான்காக எட்டு வார்ப்பட்டைகள். மின்சாரம் பாய்ச்சும்போது எதில் கட்டிவைத்தார்கள் என்று கைதானவர்கள் சொன்ன அடையாளங்கள் அதற்கு அப்படியே பொருந்தின. அது ஏன் அங்கே கிடக்கிறது என்ற கேள்விக்கு நம்பும்படியான பதில் வரவில்லை. சித்திரவதைத் தடுப்புக்கான ஐரோப்பியக் குழு 1992 டிசம்பரில் இதை உலகறிய வெளியிட்டது. அந்தக் குழுவை உள்ளே விடுவதாக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்ததும் துருக்கி அரசுதான்.

தெற்காசியாவில் இப்படியொரு குழு இல்லை. அது வேண்டும் என்பதும், அதற்கு முதற்படியாக ஐ.நா. சித்திரவதை எதிர்ப்பு உடன்படிக்கைக்கு இந்தியா ஒப்புதல் அளிக்க வேண்டும் என்பதும் இவ்வமைப்பின் நிலைப்பாடு.

சித்திரவதை நடந்தபின் விசாரிப்பது ஒரு வழி. நடக்கும் இடத்துக்கு எந்த நேரத்திலும் வெளியார் வந்து நிற்கலாம் என்ற நிலையை உருவாக்குவது இன்னொரு வழி. இரண்டாவதை 1977-இல் அமைப்பு கட்டி முன்னெடுத்தவர் ழான்-ழாக் கோட்டியே என்ற ஸ்விட்சர்லாந்து வங்கியாளர். 1980-இல் கோஸ்டாரிகா அதை ஐ.நா.வுக்குக் கொண்டுசென்றது. அங்கே பேச்சு இழுத்துக்கொண்டே போக, ஐரோப்பிய நாடுகள் 1987-இல் தமக்குள் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. ஐ.நா. சித்திரவதை எதிர்ப்பு உடன்படிக்கைக்கான விருப்ப நெறிமுறை 2002-இல்தான் நிறைவேறி, 2006-இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி 25 பேர் கொண்ட ஐ.நா. துணைக்குழு நாடுகளுக்குச் செல்லும். ஒவ்வொரு நாடும் தனக்கென ஒரு கண்காணிப்பு அமைப்பை வைத்துக்கொள்ளும். அண்டை நாடுகள் முந்திக்கொண்டால் உலகம் பின்னால் வரும் என்பதற்கு இந்த வரலாறே சான்று.

தெற்காசியாவில் அந்த நெறிமுறையில் மாலத்தீவு 2006-இலும், இலங்கை 2017-இலும் இணைந்தன. மூல உடன்படிக்கைக்கு நேபாளம் 1991-இலும், வங்கதேசம் 1998-இலும், பாகிஸ்தான் 2010-இலும் ஒப்புதல் அளித்துவிட்டன. வங்கதேசம் 2013-இலும் பாகிஸ்தான் 2022-இலும் தனிச் சட்டமே இயற்றின. இந்தியா 1997 அக்டோபரில் கையெழுத்திட்டதோடு நிற்கிறது. 2010-இல் மக்களவையில் நிறைவேறிய சித்திரவதைத் தடுப்பு மசோதா மாநிலங்களவையைத் தாண்டாமல் காலாவதியானது. சட்ட ஆணையம் 2017-இல் தந்த 273-ஆவது அறிக்கையும் சட்டமாகவில்லை.

இருக்கும் சட்டங்களே போதும் என்பது வழக்கமான பதில். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் என்ன நடந்தது? தந்தையும் மகனும் காவலில் தாக்கப்பட்டு இறந்தபின் காவல் நிலையத்துக்குள் போன நீதித்துறை நடுவர், சிசிடிவி பதிவுகள் தினமும் தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததைக் கண்டார். ஹார்டு டிஸ்க்கில் இடத்துக்குப் பஞ்சமில்லை. போலீசார் ஒத்துழைக்காததால், நிலையத்தையே வருவாய்த்துறைக் கட்டுப்பாட்டுக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. இரவு முழுக்க அடித்தார்கள் என்று பெண் தலைமைக் காவலர் ஒருவர் பயந்து பயந்து சாட்சி சொன்னதும் அந்த நடுவரிடம்தான். வெளியாள் ஒருவர் உள்ளே போனதால் உண்மை வெளிவந்தது; ஆனால் அவர் போனது இரண்டு உயிர்கள் போன பிறகு. தேசிய மனித உரிமை ஆணையத்துக்குச் சிறைகளைப் பார்வையிடும் அதிகாரத்தைச் சட்டம் பெயர் சொல்லித் தருகிறது. காவல் நிலைய லாக்கப்பை அப்படிச் சொல்லவில்லை.

ஒப்புதல் தராததால் வெளியிலும் இழப்பு. மேற்கு வங்கத்தின் புருலியாவில் விமானத்திலிருந்து ஆயுதங்கள் வீசப்பட்ட வழக்கில் தேடப்படுபவரை ஒப்படைக்க முடியாது என்று டென்மார்க் நீதிமன்றங்கள் 2011-இலும் 2024-இலும் மறுத்தன. இந்தியாவில் அவர் சித்திரவதைக்கு ஆளாகலாம் என்பதே காரணம். பணமோசடி வழக்கில் தேடப்படும் ஆயுத ஆலோசகர் ஒருவரை லண்டன் உயர் நீதிமன்றம் 2025 பிப்ரவரியில் விடுவித்தபோது, திகார் சிறையில் மிரட்டிப் பணம் பறிப்பும் வன்முறையும் நிகழும் அபாயத்தைச் சுட்டிக்காட்டியது. குற்றம் சாட்டப்பட்டவர்களைக் கூண்டில் ஏற்ற விரும்பும் அரசுதான் முதலில் தன் லாக்கப்பைச் சீர்செய்ய வேண்டும்.

ஒப்புதல் மட்டும் போதுமா என்றால், போதாது. இலங்கையின் 1994-ஆம் ஆண்டுச் சட்டம் சித்திரவதைக்குக் குறைந்தது 7 ஆண்டு சிறை என்கிறது. ஆனால் 2016-இல் அங்கே சென்ற ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் ஹுவான் மெண்டெஸ், சாதாரண குற்ற விசாரணைகளிலும் சித்திரவதை வழக்கமாக இருப்பதைப் பதிவுசெய்தார். கண்காணிக்கும் அமைப்புக்கு ஆளும் பணமும் தன்னாட்சியும் இல்லையென்றால் ஒப்பந்தம் அலமாரியில்தான் கிடக்கும். ஒன்றை ஒன்று கண்காணிக்கும் அண்டை நாடுகள் தேவைப்படுவது இதனால்தான்.

இந்தப் பொறுப்பை சார்க் ஏற்கும் என்று எதிர்பார்க்க முடியாது. சர்ச்சைக்குரிய விவகாரங்களை அதன் சாசனமே விலக்கி வைக்கிறது. கடைசி உச்சி மாநாடு நடந்தது 2014-இல். எனவே மனித உரிமை ஆணையங்கள் நேரடியாகக் கைகோக்க வேண்டும் என்று இவ்வமைப்பு கோருகிறது. ஒரு நாட்டு ஆணையத்தின் சிறைப் பார்வையில் அண்டை நாட்டு மருத்துவரும் வழக்கறிஞரும் இடம்பெறட்டும். அடிக்காமல் மிரட்டாமல் விசாரிப்பது எப்படி என்று 2021-இல் வெளியான மெண்டெஸ் கோட்பாடுகள் காவலர் பயிற்சிப் பள்ளிகளின் பாடமாகட்டும். பார்வை அறிக்கைகள் காலக்கெடுவுக்குள் மக்கள் மொழிகளில் வெளியாகட்டும்.

இந்திய அரசு உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு. சித்திரவதை குறித்த ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் இந்தியா வர அனுமதி கேட்டு 1993 முதல் காத்திருக்கிறார். அவரை அழைக்க நாடாளுமன்றத்தின் ஒப்புதலோ புதிய சட்டமோ தேவையில்லை. வெளியுறவு அமைச்சகம் ஒரு தேதி கொடுத்தால் போதும்.