மிடறு திறந்து பாடுதல்

புதுக்கோட்டை மாவட்டத்துக் கீரனூருக்குத் தென்மேற்கே குடுமியான்மலை என்னும் ஊர் உள்ளது. அங்குள்ள குடைவரைக் கோயிலை அடுத்த பாறையில் இசைக் கல்வெட்டு ஒன்று காணப்படும். ஏழாம் நூற்றாண்டினது என அறிஞர் கருதும் அதன்கண், ஏழு பண்களுக்குரிய சுரக்கோவைகள் பொறிக்கப்பட்டுள்ளன. உருத்திராசாரியரின் மாணவனாகிய மன்னன் ஒருவன், மாணாக்கர் நன்மைக்காக இதனைச் செய்தான் என்று அக்கல்வெட்டே கூறுகின்றது. பாறையில் எழுதிய பாடநூல் என்றே அதனைச் சொல்லலாம்.

இத்தகைய நிலத்துச் சிறுவர் இன்று பாடும் முறையோ வருந்தத்தக்கது. காலை வழிபாட்டில் தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடுங்கால், கீரனூர்ப் பகுதியிலும் பிற ஊர்களிலும், பலர் தோளை உயர்த்தி மூச்சிழுத்துக் கழுத்து நரம்பு புடைக்கக் கத்துகின்றனர். ஓரடி முடியுமுன் மூச்சு முடிகின்றது. சொல் நடுவே முறிகின்றது. வேறு சிலர், திரைப்பாடகர் ஒலிவாங்கியின் முன் மெல்லிதாய்ப் பாடுவதைக் கேட்டுப் பழகி, தொண்டைக்குள்ளேயே முணுமுணுக்கின்றனர். இவ்விரண்டும் பாட்டு ஆகா.

தொல்காப்பியர் பிறப்பியலில் இதற்குரிய அடிப்படையைக் கூறியிருக்கின்றார். உந்தியினின்று எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு ஆகிய இடங்களில் நின்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்பவற்றின் தொழிலால் எழுத்தொலியாகும் என்பது அவர் கருத்து. அகர ஆகாரங்களுக்கு அவர் வாயை அங்காத்தலையே முயற்சியாகக் கூறினார். இசையாசிரியர் அகாரப் பயிற்சியை வற்புறுத்துவதன் காரணமும் இதுவே. ஆகாரத்தை ஒலிக்குங்கால் மிடறு தடையின்றித் திறந்து நிற்கும்.

காற்றுக்கு இருப்பிடம் நுரையீரல் என இக்கால உடல்நூலார் கூறுவர். நெஞ்சறைக்கும் வயிற்றுக்கும் இடைப்பட்ட உதரவிதானம் கீழிறங்க, நுரையீரல் நிறைகின்றது, வயிறும் கீழ்விலாப் பக்கமும் விரிகின்றன, தோள் அசைவதில்லை. உந்தி என்று முன்னோர் சுட்டியது இவ்வசைவைக் கண்டுதான் போலும். வெளியேறும் காற்றால் குரல்வளையிலுள்ள குரல்நாண்கள் அதிர்ந்து ஒலி பிறக்கின்றது. கழுத்தை இறுக்கி நாள்தோறும் கத்தினால் அந்நாண்கள் தடித்துச் சிறு கணுக்கள் தோன்றும், குரல் கம்மிவிடும்.

பயிற்சி எளிதே. நிமிர்ந்து நின்று, வயிறு விரிய ஓசையின்றி மூச்சை வாங்குதல் வேண்டும். கொட்டாவி தொடங்கும்போது தொண்டை எவ்வாறு விரிகின்றதோ, அவ்வாறு விரித்து, தாழ்ந்த சுரம் ஒன்றில் ஆகாரத்தை நீட்டுதல் வேண்டும். காற்று சிறிது சிறிதாகச் செல்க. தொண்டை வலித்தால் உடனே நிறுத்துக.

இது பாடகர்க்கே உரியது என்பாரும் உளர். அது பொருந்தாது. நாள் முழுதும் பேசும் ஆசிரியர்க்கும், சந்தையிற் கூவி விற்பார்க்கும் குரலே முதல். ஒலிபெருக்கி பரவாத நாளில், செங்கோட்டை கிட்டப்பாவும் (1906–1933) கொடுமுடி சுந்தராம்பாளும் நாடக மேடையில் நின்று, கடைசி வரிசையார்க்கும் கேட்கப் பாடினர். புதுக்கோட்டையிற் பிறந்த பி. யு. சின்னப்பாவும் (1916–1951) அம்மேடையிற் பயின்றவரே.

ஆயினும், குரல் உடையும் பருவத்துச் சிறுவனுக்கு இம்மேடைக் குரலை எடுத்துக்காட்டித் துன்புறுத்தலாகாது. அப்பருவத்தில் அவன் குரல்வளை வளர்கின்றது, நாண்கள் நீள்கின்றன, உச்சச் சுரத்தில் குரல் பிளக்கின்றது. வகுப்பினர் நகைக்க, அவன் பாட்டையே விட்டுவிடுகின்றான். இவ்வாறு வாய் மூடிய சிறுவர் பலர். ஆசிரியர் அவனுக்காகச் சுருதியைச் சற்றே தாழ்த்துக. குரல் நிலைபெறுங்காறும் அவன் குறைந்த நேரம், மெல்லப் பாடுக.