ஆக்கமும் ஆய்வும்

காவிரிக் கரையில் மோகனூர், பரமத்தி வேலூர் முதலிய ஊர்களைச் சூழ்ந்த வயல்களில் கரும்பு செழித்து வளர்கிறது. அப்பகுதியில் வெல்லம் காய்ச்சுவோர் முதலில் கரும்பைப் பிழிந்து சாறு எடுப்பர். பின்பு அச்சாற்றைக் கொப்பரையில் ஊற்றிக் காய்ச்சி, மேலே திரளும் அழுக்கை அகற்றிப் பதம் பார்த்து இறக்குவர். பிழியும்போதே அழுக்கைத் தேடி நிற்பார் எவரும் இலர். சாற்றைக் காய்ச்சாது வைத்திருந்தால் புளித்துப் போகும். பதம் கடந்து காய்ச்சினாலோ பாகு கருகிப் போகும். எழுத்துப் பணியும் இத்தகையதே. உள்ளத்தில் தோன்றுவதைத் தடையின்றி வெளிக்கொணர்வது ஆக்கம். வெளிவந்ததை நடுநிலையோடு நோக்கித் திருத்துவது ஆய்வு. இரண்டும் வேண்டும், ஆனால் ஒன்றன் வேலையை மற்றொன்று தடுத்தல் ஆகாது.

எழுதப் பழகுவோர் இருவகைப்படுவர். ஒருவர் தாம் எழுதியது அனைத்தும் அழகே என்று எண்ணி, ஒருமுறையேனும் திரும்பிப் படியாமல் பிறர் கையில் கொடுத்துவிடுவர். மற்றவர் ஒரு வரி எழுதுவர், உடனே அதில் குறை கண்டு அடித்துவிடுவர், மீண்டும் எழுதுவர், மீண்டும் அடிப்பர். இறுதியில் தாள் கிழிபடுமேயன்றிக் கட்டுரை பிறவாது. இவ்விருவருள் பின்னவர் நிலையே மிகவும் இரங்கத்தக்கது. எழுதப்பட்ட பிழையைத் திருத்திக்கொள்ளலாம். எழுதப்படாத கருத்தைத் திருத்துவது எங்ஙனம்? பிழைக்கு அஞ்சி எழுதாமல் நின்றவர்களால் மொழி இழந்த செல்வத்தை அளந்து கூற இயலாது.

குறை காண்பது ஒன்றே ஆய்வு என்று பலர் கருதுகின்றனர். இது தவறு. நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர் நூலுக்குரிய குற்றங்கள் பத்து என்று வகுத்தார். அதனோடு நில்லாமல் அழகுகளும் பத்து என்று வகுத்தார். கூறியது கூறல், மற்றொன்று விரித்தல் ஆகியவை குற்றங்களாயின், சுருங்கச் சொல்லல், விளங்க வைத்தல் ஆகியவை அழகுகளாகும். தம் எழுத்தை ஆய்பவர் இவ்விரு பட்டியலையும் ஒருங்கே கையில் கொள்ளுதல் வேண்டும். நல்ல தொடரை நல்லது என்று அறிந்து காத்துக்கொள்பவரே தீய தொடரைத் துணிவுடன் நீக்க வல்லவர்.

உணர்ச்சி பொங்க எழுந்த சொற்களைத் திருத்தினால் அவற்றின் உயிர் போய்விடும் என்று கூறுவாரும் உளர். மோகனூரில் 1888ஆம் ஆண்டு பிறந்த நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை பாட்டோடு ஓவியமும் வல்லவர். படத்தின் அருகே நின்று வண்ணம் தீட்டுவது ஓவியர் வழக்கம்; சற்றே விலகி நின்று அதனை நோக்குவதும் அவர் வழக்கமே. விலகி நோக்குவதால் படம் உயிர் இழப்பதில்லை. கோணிய கோடே நேராகிறது. 1930ஆம் ஆண்டு இராஜாஜி தலைமையில் திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரணியத்திற்கு உப்புச் சத்தியாக்கிரகத் தொண்டர்கள் நடந்தபோது, இக்கவிஞர் இயற்றிய பாட்டைப் பாடிச் சென்றனர். நடந்து செல்வோர் நாவில் நிற்க வேண்டிய பாட்டில் கடுஞ்சொல்லுக்கும் வெற்றுச் சொல்லுக்கும் இடமில்லை. அங்கே உணர்ச்சியும் அளவும் பகைகொள்ளவில்லை. உணர்ச்சிக்கு அளவே வலிமை தந்தது.

ஆய்வுக்கும் ஓர் எல்லை உண்டு. அதனைச் சீவக சிந்தாமணியின் வரலாறு காட்டுகிறது. அதற்கு உரை வகுத்த நச்சினார்க்கினியர், முதலில் எழுதிய உரையைச் சமணர் ஏற்காமையால், சமண நூல்களைக் கற்று மீண்டும் ஒருமுறை எழுதினார் என்பது வழிவழி வரும் செய்தி. அந்நூலை அச்சேற்றியவர் உ. வே. சாமிநாதையர். 1880ஆம் ஆண்டு கும்பகோணத்தில் அவரைச் சந்தித்த சேலம் இராமசுவாமி முதலியார், சிந்தாமணியைப் படித்ததுண்டோ என்று வினவினார். பல சிற்றிலக்கியங்களைக் கற்றுத் தேர்ந்திருந்த ஐயர் அதுவரை அந்நூலைக் கண்டதில்லை. அவ்வினா அவரைச் சோர்வுறச் செய்யவில்லை. புதிய உழைப்பில் ஈடுபடுத்தியது. பல ஏட்டுச் சுவடிகளைத் தேடி ஒப்பிட்டு, சமண அறிஞரிடம் ஐயங்களைக் கேட்டுத் தெளிந்து, 1887ஆம் ஆண்டில் நூலை வெளியிட்டார். இருபது ஆண்டுகள் கழித்து, 1907ஆம் ஆண்டில், இரண்டாம் பதிப்பு வந்தது. ஒரு பிழையும் இல்லாத நாள் வரட்டும் என்று அவர் காத்திருந்தால், தமிழர் சிந்தாமணியைக் கையில் ஏந்த இன்னும் எத்தனை ஆண்டுகள் ஆகியிருக்குமோ! இயன்ற அளவு ஆராய்ந்து வெளியிடுதலும், வெளியிட்ட பின்னும் திருத்த ஒருப்படுதலுமே உண்மையான ஆய்வாளர் இயல்பு.

கட்டுரை எழுதும் மாணவர் இதனை எளிதில் கைக்கொள்ளலாம். முதல் நாள் கருத்தை மட்டும் எண்ணி, இடையில் அடிக்காமல், முடிவுவரை எழுதுதல் வேண்டும். மறுநாள் அதனைப் பிறர் எழுத்தாகக் கருதி, வாய்விட்டுப் படித்தல் வேண்டும். நாத் தடுமாறும் இடத்தில் பெரும்பாலும் தொடர் பிழைபட்டிருக்கும். ஒரே கருத்து இருமுறை வந்திருந்தால் ஒன்றை நீக்கலாம். நன்றாக அமைந்த பகுதிகளையும் குறித்துக்கொள்ளலாம். அடுத்த கட்டுரைக்கு அவை வழிகாட்டும். பின்னர்த் தெளிவாகப் படியெடுத்து ஆசிரியரிடம் அளித்துவிட வேண்டும். அவர் சுட்டும் பிழைகள் எழுதியவரின் தாழ்வைக் குறிப்பன அல்ல. அடுத்த படிக்கு ஏறுவதற்குரிய துணைகளே.

தன்னை வியப்பவன் வளரான். தன்னை இகழ்பவன் தொடங்கான். துணிவோடு எழுதிப் பணிவோடு திருத்துபவனே எழுத்தில் தேர்ச்சி பெறுவான்.