வெட்டப்பட்டது யாருடைய கதை?

சென்ற பாடசாலை விடுமுறையில் எங்கள் வீட்டில் பேட்மேனுக்காக ஒரு சண்டை நடந்தது. 2016இல் வெளிவந்த படமொன்றில் பேட்மேனும் சூப்பர்மேனும் மோதிக்கொள்கிறார்கள். அதில் பேட்மேன் எதிரிகளைக் கொல்கிறான்.

"கொமிக்ஸ்ல பேட்மேன் யாரையும் கொல்ல மாட்டான். இது பேட்மேனே இல்ல" என்றார் காக்கா.

"படம் நல்லாத்தானே இருக்கு" என்றேன் நான்.

"கொமிக்ஸ் வாசிக்காத ஒனக்கு இதுல பேச்சே இல்ல" என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து போனார். "இந்த நேரத்துக்கு ரெண்டு பாஸ்ட் பேப்பர் செஞ்சிருக்கலாம்" என்று உம்மா குசினியிலிருந்து குரல் கொடுத்தார்.

உம்மா சொன்னது நியாயம்தான். ஆனாலும் காக்காவின் வார்த்தை என்னை விடவில்லை. மூலக்கதையை வாசிக்காதவர் பேசக் கூடாதென்றால், அந்த மூலக்கதை எது? தேடிப் பார்த்தேன். அதில் எனக்குப் பட்டதைத்தான் இங்கு எழுதுகிறேன்.

சூப்பர்மேன் 1938இல் ஜெரி சீகல், ஜோ ஷஸ்டர் என்ற இரண்டு இளைஞர்களின் கைகளில் பிறந்தான். அந்த முதற்கதையில் அவனுக்குப் பறக்கத் தெரியாது. உயர்ந்த கட்டடங்களைத் தாவிக் கடப்பான், அவ்வளவுதான். அவனைப் பலமிழக்கச் செய்யும் கிரிப்டோனைட் கல் 1943இல் வானொலி நாடகத்தில் அறிமுகமாகி, அதன் பிறகே கொமிக்ஸுக்கு வந்து சேர்ந்தது. பேட்மேன் பிறந்தது 1939இல். அவனுடைய முதற்கதையிலேயே எதிரி ஒருவன் அவன் கொடுத்த அடியில் அமிலத் தொட்டிக்குள் விழுந்து சாகிறான். ஆரம்பக் கதைகள் சிலவற்றில் அவன் கையில் துப்பாக்கியும் இருந்தது. கொல்வதில்லை, துப்பாக்கியைத் தொடுவதில்லை என்ற கட்டுப்பாடெல்லாம் பின்னால் வந்தவை.

இதைக் கண்டதும் காக்காவை வென்றுவிட்டேன் என்று துள்ளினேன். பிறகு யோசித்தேன். பேட்மேன் சிறுவனாக இருந்தபோது அவனுடைய பெற்றோர் அவன் கண்முன்னே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அப்படிப்பட்டவன் துப்பாக்கியை வெறுப்பதுதானே பொருத்தம்? பின்னால் வந்த மாற்றம்தான் அவனைப் பேட்மேன் ஆக்கியது. பழையது என்பதால் ஒன்று சரியாகிவிடாது. மாறிவிட்டது என்பதால் பிழையாகியும்விடாது. நாம் கேட்க வேண்டியது இதுதான்: மாற்றியபோது எது போனது? யாருடைய கதை போனது?

இதற்கு ‘ஜஸ்டிஸ் லீக்’ படத்தை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. அதன் இயக்குநர் ஸாக் ஸ்னைடர், தன் மகளின் மரணத்துக்குப் பின் 2017 மே மாதத்தில் படத்திலிருந்து விலகினார். ஜோஸ் வீடன் என்ற வேறொரு இயக்குநர் பல காட்சிகளைப் புதிதாக எடுத்துப் படத்தை முடித்தார். அந்த நவம்பரில் அது இரண்டு மணித்தியாலப் படமாக வெளிவந்தது. ஸ்னைடர் எண்ணியிருந்த படத்தைத் தாருங்கள் என்று ரசிகர்கள் வருடக்கணக்கில் கேட்டார்கள். 2021 மார்ச்சில் அதே கதை நான்கு மணித்தியாலப் படமாக வந்தது.

நான் இரண்டையும் பார்த்தேன். நீண்ட படத்தை நான்கு நாட்களாகப் பிரித்துத்தான் பார்க்க முடிந்தது. அதில் விக்டர் ஸ்டோன் என்றொரு கறுப்பின இளைஞன் வருகிறான். விபத்தொன்றில் தாயை இழக்கிறான். சிதைந்துபோன அவனது உடம்பை இயந்திரங்களோடு இணைத்துத் தந்தை உயிர்ப்பிக்கிறார். தன் விளையாட்டுப் போட்டிக்குக்கூட வர நேரமில்லாதிருந்த தந்தை மீது அவனுக்குத் தீராத கோபம். கடைசியில் அந்தத் தந்தை, மகன் கண்ணாடிக்கு அப்பால் நின்று பார்த்திருக்க, உலகத்துக்காகத் தன் உயிரைக் கொடுக்கிறார். அந்த இடத்தில் எனக்கு அழுகை வந்தது. குறுகிய படத்திலோ தந்தை சாகவே இல்லை. அந்தக் குடும்பத்தின் கதையில் பெரும்பகுதியைக் காணோம். படத்தைச் சுருக்கியபோது எல்லோருக்கும் தெரிந்த சூப்பர்மேனுக்கு இடம் இருந்தது. யாருக்கும் அதிகம் தெரியாத பையனின் கதைதான் வெட்டுப்பட்டது.

நமக்கு நெருக்கமான ஒருத்தியையும் எடுத்துக்கொள்வோம். கமலா கான், அமெரிக்காவின் ஜேர்சி சிட்டியில் வாழும் பாகிஸ்தானிய முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை. வயது 16. அவளுக்கென்று 2014இல் ‘மிஸ் மார்வெல்’ கொமிக்ஸ் தொடங்கியபோது அதை எழுதியவர் ஜி. வில்லோ வில்சன் என்ற முஸ்லிம் பெண். அதில் கமலாவுக்கு உருவத்தை மாற்றும் சக்தி கிடைக்கிறது. கிடைத்ததும் முதலில் அவள் யாராக மாறுகிறாள் தெரியுமா? தான் வியந்து பார்க்கும் பொன்னிறக் கூந்தல் கப்டன் மார்வெலாக! தன் சொந்த முகமே போதும் என்பதைப் பிறகுதான் கற்றுக்கொள்கிறாள். கண்ணாடி முன்னால் நின்று வேறொருத்தியாக மாற ஆசைப்படாத பெண் நம்மில் யார் இருக்கிறோம்?

2022இல் வந்த தொலைக்காட்சித் தொடரில் இந்தச் சக்தி இல்லை. ஒரு வளையலும் ஒளியும் அதற்குப் பதிலாக வந்தன. எனக்கு அது பெரிய இழப்பு. ஆனால் அந்த வளையல் கமலாவின் பூட்டியுடையது. அதன் வழியே 1947இல் இந்தியா பிரிந்தபோது வீடு வாசலை விட்டு ரயிலேறிய சனங்களின் கதையும் வந்தது. என் தோழி ஒருத்தியின் குடும்பம் 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டது. அந்த ரயில் நிலையக் காட்சியில் அவள் தன் உம்மும்மாவைக் கண்டாள். "எனக்கு அந்த வளையல்தான் வேணும்" என்றாள். அவளைப் பிழை என்று சொல்ல என்னால் முடியவில்லை.

இப்படிப்பட்ட வாதங்களால் நன்மை உண்டு. கூச்சலால் இல்லை. 1988இல் பேட்மேனின் துணைவன் ரொபின் வாழ்வதா சாவதா என்று தொலைபேசி மூலம் வாசகர்களிடமே வாக்குக் கேட்டார்கள். சாகட்டும் என்று 5,343 வாக்குகள்; வாழட்டும் என்று 5,271. வெறும் 72 வாக்கு வித்தியாசத்தில் ஒரு பையன் கொல்லப்பட்டான். ஸ்னைடரின் படத்தைக் கேட்ட ரசிகர்கள் தற்கொலைத் தடுப்புப் பணிக்கென ஐந்து இலட்சம் டொலருக்கும் அதிகமாகச் சேர்த்துக் கொடுத்தார்கள். அது பாராட்டத்தக்கது. அதே கூட்டத்தில் கண்டபடி ஏசியவர்களும் இருந்தார்கள். அந்த உரையாடலில் கலந்துகொண்ட கணக்குகளில் குறைந்தது 13 சதவீதம் போலியானவை என்று 2022இல் ‘ரோலிங் ஸ்டோன்’ சஞ்சிகை எழுதியது. யார் குரல் என்று தெரியாமலே நாமும் சேர்ந்து கத்தினால், அதற்குப் பெயர் ரசனையா?

ஏட்டுச் சுவடிகளை ஒப்பிட்டுப் பாடபேதம் கண்ட அறிஞர்களை நாம் மதிக்கிறோம். இரண்டு படங்களை ஒப்பிட்டுப் பார்க்கும் பிள்ளையும் அந்தப் பழக்கத்தின் ஓரத்தில்தான் நிற்கிறாள். அன்பான பெற்றோரே, அவளிடம் "இது எதுக்கு?" என்று கேட்காமல், "எது மாறியிருக்கு?" என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். தோழியரே, இரண்டையும் பார்த்த பிறகு பேசுவோம். பார்க்காதவளை வாயடைக்காமல் இருப்போம்.

1939ஆம் ஆண்டுக் கதையைக் காக்காவுக்குச் சொன்னேன். சிரித்துவிட்டு, "சரி, இனி நீயும் பேசலாம்" என்றார். அன்றிரவு இருவரும் குறுகிய படத்தை மீண்டும் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம். துவைத்த துணிகளை மடித்தபடி உம்மாவும் வந்து அமர்ந்தார். விக்டர் திரையில் வந்ததும் சற்று நேரம் பார்த்திருந்துவிட்டுக் கேட்டார்:

"இந்தப் புள்ளைட உம்மா எங்க?"