40 நாள் காட்டில் பிழைத்த குழந்தைகள்: பழவேற்காட்டுப் பள்ளிகளுக்கு அதில் என்ன பாடம்?

2023 மே 1. கொலம்பியாவின் அமேசான் காட்டில் ஒரு சிறிய செஸ்னா விமானம் விழுகிறது. அதில் இருந்த பெரியவர்கள் மூன்று பேரும் இறந்துவிட்டார்கள். அவர்களில் ஒருவர் அந்தக் குழந்தைகளின் அம்மா. மிஞ்சியது நான்கு பேர். மூத்தவளுக்கு 13 வயது, அடுத்தவர்களுக்கு 9, 4. கடைசி, ஒரு வயதுகூட நிறையாத கைக்குழந்தை. ஜூன் 9 அன்று, அதாவது 40 நாள் கழித்து, நான்கு பேரும் உயிரோடு கிடைத்தார்கள்.

உலகம் இதை 'அதிசயம்' என்றது. அப்படிச் சொல்லிவிட்டால் பேச்சு முடிந்துவிடும். ஆனால், அவர்கள் எப்படிப் பிழைத்தார்கள் என்று கேட்டால், பதில் சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டரில் இருக்கும் பழவேற்காடு ஏரிக்கரைப் பிள்ளைகளையும் தொடுகிறது.

எப்படிப் பிழைத்தார்கள்?

அவர்கள் ஹுய்டோட்டோ பழங்குடிக் குழந்தைகள். காட்டில் எதைத் தின்னலாம், எதைத் தொடக்கூடாது என்பது சின்ன வயதிலேயே வீட்டில் சொல்லித்தரப்பட்ட விஷயம். விமானத்தில் இருந்த மரவள்ளிக்கிழங்கு மாவை முதலில் சாப்பிட்டார்கள். அது தீர்ந்ததும் காட்டுப் பழம், விதை. முடி கட்டும் ரப்பர் பேண்டை வைத்துக் குச்சிகளைக் கட்டி, தங்க ஒரு மறைப்பு போட்டுக்கொண்டார்கள். கைக்குழந்தையைப் பார்த்துக்கொண்டது 13 வயது அக்கா.

தேடுதலும் இதே பாடத்தைத்தான் சொல்கிறது. ராணுவத்திடம் ஹெலிகாப்டரும் செயற்கைக்கோள் வசதியும் இருந்தன. ஆனாலும் காட்டை அறிந்த பழங்குடி மக்களும் சேர்ந்து தேடிய பிறகுதான் குழந்தைகள் கிடைத்தார்கள். அவர்கள் மொழியிலேயே பாட்டியின் குரலைப் பதிவு செய்து ஹெலிகாப்டர் ஒலிபெருக்கியில் காட்டுக்கு மேல் ஒலிக்கவிட்டார்கள்.

சேர்ந்து வாழ்வது தானாக வருமா?

இடத்தைத் தெரிந்திருந்தால் மட்டும் போதாது. கூட இருப்பவரோடு எப்படிப் பங்கு போடுவது என்றும் தெரிய வேண்டும். இதற்கு டோங்கா தீவுச் சிறுவர்கள் ஆறு பேரின் கதை நல்ல உதாரணம்.

1965-ல் அவர்கள் கேட்காமல் ஒரு படகை எடுத்துக்கொண்டு கடலுக்குப் போனார்கள். புயலில் பாயும் சுக்கானும் போயின. எட்டு நாள் மிதந்து, ஆளில்லாத அட்டா தீவில் ஒதுங்கினார்கள். சுமார் 15 மாதம் கழித்து, 1966 செப்டம்பரில், ஆஸ்திரேலிய கேப்டன் பீட்டர் வார்னர் அவர்களை மீட்டார். அதற்குள் அங்கே ஒரு குட்டி ஊரே நடந்துகொண்டிருந்தது. தோட்டம், சமையல், காவல் என்று இரண்டிரண்டு பேராக முறை வைத்து வேலை. சண்டை வந்தால், சண்டை போட்டவர்கள் ஆளுக்கொரு பக்கம் போய் ஆறிவிட்டு வர வேண்டும். ஒருவனுக்குக் கால் உடைந்தபோது மற்றவர்கள் கட்டுப் போட்டு, அவன் வேலையையும் சேர்த்துச் செய்தார்கள். மூட்டிய நெருப்பை அணையவே விடவில்லை.

தனியே விடப்பட்ட சிறுவர்கள் ஒருவரை ஒருவர் வேட்டையாடுவதாக எழுதப்பட்ட 'லார்ட் ஆஃப் தி ஃப்ளைஸ்' நாவல் 1954-ல் வந்தது. நிஜத்தில் நடந்ததோ நேர் எதிர்.

பழவேற்காட்டில் என்ன இருக்கிறது?

சில்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உப்பங்கழி ஏரி இது. தமிழ்நாடும் ஆந்திராவும் பகிர்ந்துகொள்ளும் நீர். ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே, ராக்கெட் ஏவும் ஸ்ரீஹரிகோட்டா.

பார்த்தால் அமைதியான தண்ணீர். பல இடங்களில் நடந்தே போகலாம். ஆனால் முகத்துவாரம் வேறு மாதிரி. கடலும் ஏரியும் சேரும் அந்த இடத்தில் ஓதத்துக்கு ஏற்ப நீரின் இழுப்பு மாறும். மழைக்காலத்தில் ஆறுகள் நன்னீரைக் கொண்டுவரும். கோடையில் மண் சேர்ந்து முகத்துவாரம் தூர்ந்தால் ஏரியில் உப்பு ஏறும். எங்கே கால் புதையும், எங்கே சிப்பி கிழிக்கும், எந்தக் காற்றுக்குத் தண்ணீர் எப்படி மாறும் என்பதெல்லாம் ஏரியோடு பழகினால்தான் தெரியும். ஓலைப் பறியை வாயில் கவ்விக்கொண்டு, சேற்றில் கையால் இறால் தடவும் இருளர் பெண்களிடம் இருப்பது இந்த அறிவுதான்.

பங்கு போடும் முறையும் இங்கே உண்டு. அதற்குப் பெயர் 'பாடு'. எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை கட்டுவது என்பதைச் சீட்டுப் போட்டு, சுழற்சி முறையில் ஊர் முடிவு செய்யும். நல்ல இடம் ஒருவருக்கே நிரந்தரமாகப் போய்விடாது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் போன்ற ஊர்களில் தலைமுறைகளாக வந்த ஏற்பாடு இது. அட்டா தீவில் ஆறு பையன்கள் போட்ட முறைக்கும் இதற்கும் அடிப்படை ஒன்றுதான்.

இதை ரொம்பவும் கொண்டாடிவிடவும் கூடாது. பாடு எல்லோருக்குமான உரிமை அல்ல. பட்டினவர் சமூகத்து ஆண்களைச் சுற்றி அமைந்தது. இருளர்களுக்கு அதில் இடமில்லை. ஆனால், பெரியவர்கள் போட்ட கோட்டைப் பிள்ளைகளும் தாண்டக்கூடாது என்று சட்டம் இல்லை. ஒரே வகுப்பில் உட்காரும் மீனவர் வீட்டுப் பிள்ளையும் இருளர் வீட்டுப் பிள்ளையும் ஒருவருக்கொருவர் சொல்லித்தர நிறைய இருக்கிறது.

அப்போ, பிரச்சினை என்ன?

இந்த அறிவைப் பள்ளி அறிவாகவே எடுத்துக்கொள்வதில்லை. தேர்வில் கேட்கப்படாது என்பதால் வகுப்பிலும் பேசப்படாது. பிள்ளைகள் படித்து வேறு வேலைக்குப் போக வேண்டும் என்று பெற்றோர் ஆசைப்படுவது நியாயம்தான். ஏரியில் வருமானம் நிச்சயமில்லை. மீன்பிடிக்கவே அவர்களைத் தயார் செய்யுங்கள் என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் வேலை மாறினாலும் வீடு அதே கரையில்தானே இருக்கிறது?

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2021-ல் மட்டும் உலகில் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். 5 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளின் மரணத்துக்கு இது மூன்றாவது பெரிய காரணம். தமிழ்நாட்டில் ஏரி, குளம், ஆறு என்று அடிக்கடி படிக்கும் செய்தி ஒன்று உண்டு: ஒருவர் வழுக்கி விழுகிறார், காப்பாற்ற இறங்கியவர்களும் திரும்புவதில்லை. அங்கே பாசத்துக்குக் குறைவில்லை. குதிக்காமல் கயிறோ, துப்பட்டாவோ, காலி பிளாஸ்டிக் கேனோ வீச வேண்டும் என்று யாரும் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான். பழவேற்காட்டிலேயே 2011 டிசம்பர் 25 அன்று படகு கவிழ்ந்து, சுற்றிப் பார்க்க வந்த 22 பேர் இறந்தார்கள்.

பள்ளியில் சொல்லித்தர முடியுமா?

ஜப்பானின் கமைஷி நகரம் முடியும் என்று காட்டியது. அங்கே சுனாமி வந்தால் என்ன செய்வது என்று பள்ளிகளில் பல ஆண்டுகள் பயிற்சி கொடுத்தார்கள். 2011 மார்ச் 11 அன்று நிலம் அதிர்ந்ததும் ஒரு நடுநிலைப் பள்ளி மாணவர்கள் மேட்டை நோக்கி ஓடினார்கள். அதைப் பார்த்துப் பக்கத்துத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளும் கிளம்ப, பெரியவர்கள் சின்னவர்கள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். நகரில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பலியான அந்த நாளில், சுமார் 3,000 பள்ளி மாணவர்களில் ஏறக்குறைய எல்லோரும் பிழைத்தார்கள். ஊரும் அதை 'அதிசயம்' என்றுதான் சொன்னது. ஆனால் அது பாடவேளையில் உருவான அதிசயம்.

2004 சுனாமியைப் பார்த்த கரை பழவேற்காடு. இங்கே செய்ய வேண்டியதற்குப் பெரிய பட்ஜெட் வேண்டாம். வாரம் ஒரு பாடவேளை போதும். ஏரியை அறிந்த மீனவர் ஒருவரும், இறால் தடவும் இருளர் பெண் ஒருவரும் மதிப்பூதியத்தோடு வகுப்புக்கு வரட்டும். நீச்சல், தண்ணீருக்குள் இறங்காமல் காப்பாற்றும் முறை, காற்றையும் ஓதத்தையும் கவனிப்பது, சைரன் கேட்டால் யார் யார் கையைப் பிடிப்பது - இவை போதும் ஆரம்பத்துக்கு. பெண் பிள்ளைகளை இதில் விட்டுவிடக் கூடாது; அமேசானில் தம்பி தங்கைகளைக் கரை சேர்த்தது ஒரு 13 வயதுப் பெண்.

அந்தப் பெண்ணுக்கு வீட்டுப் பெரியவர்கள் சொல்லித்தந்தார்கள். பழவேற்காட்டிலும் அப்படிச் சொல்லித்தரக்கூடிய ஆயாக்களும் தாத்தாக்களும் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே பள்ளிக் கதவு திறக்க வேண்டும்.