வீட்டில் வார்க்கும் அழகுச் சோப்பு: ஆகுமா, ஆகாதா?



சென்ற ரமலானுக்குச் சில வாரங்கள் முன்பு, நெல்லிக்குப்பத்தில் நாம் ஓதிக்கொடுக்கும் மக்தபுக்குச் சிறுமி ஒருத்தி கண்ணாடிபோல் ஒளிரும் சோப்புக் கட்டி ஒன்றைக் கொண்டுவந்தாள். உள்ளே ரோஜா இதழ் ஒன்று. ஓரங்களில் பொன் நிறத் துகள். அவளுடைய தாயார் கணவரை இழந்தவர். இத்தா முடிந்தபின், நிக்காஹ் விருந்தினருக்கு வழங்கும் பைகளில் வைப்பதற்கென இத்தகைய சோப்புகளை வார்த்துக் கொடுத்து வருகிறார். நெய்வேலி நகரியத்திலிருந்தும் கேட்டு வாங்குகிறார்கள். "இது ஹராம்னு சொல்லிட்டாங்களாம் ஹஜ்ரத், அம்மா அழுறாங்க" என்றாள் அந்தப் பிள்ளை.

யார் சொன்னது என்று விசாரித்தபோது வெட்கத்தால் தலை குனிய நேர்ந்தது. கிளிசரின் என்பது பன்றிக் கொழுப்பிலிருந்து எடுக்கப்படுவது என்று முந்தைய மாதம் வகுப்பில் பொத்தாம்பொதுவாகச் சொன்னவர் நாமேதான். அந்தச் சொல் தெருத் தெருவாகச் சென்று ஒரு குடும்பத்தின் அடுப்பை அணைக்கப் பார்த்திருக்கிறது.

உண்மை என்னவெனில், எந்தக் கொழுப்பையும் எந்த எண்ணெயையும் காரத்தோடு சேர்த்துக் காய்ச்சினாலும் சோப்பும் கிளிசரினும் ஒருங்கே பிறக்கும். 18ஆம் நூற்றாண்டில் ஷீலே என்னும் வேதியியலார் கிளிசரினை முதன்முதலில் பிரித்தெடுத்தது ஆலிவ் எண்ணெயிலிருந்துதான். உருக்கி ஊற்றும் சோப்புக்கான அடிக்கட்டியைத் தொழிற்சாலையே காய்ச்சித் தருகிறது. அதன் தெளிவுக்குக் கிளிசரின், சார்பிட்டால், சிலவேளை சர்க்கரை ஆகியவையே காரணம். 1840களிலிருந்து சர்க்கரை ஆலையின் நெடியோடு வாழும் ஊர் நம்முடையது. சர்க்கரைக்கு இப்படியும் ஒரு பயன் உண்டென்பது நமக்கே புதிய செய்தியாக இருந்தது.

ஆகவே கேட்க வேண்டியது, மூலக்கொழுப்பு எதுவென்பதே. பொதியின் மேலுள்ள பட்டியலில் சோடியம் கோக்கோவேட் என்றிருந்தால் தேங்காயெண்ணெய். சோடியம் பாமேட் என்றால் பனையெண்ணெய். சோடியம் டாலோவேட் என்றால் விலங்குக் கொழுப்பு. சோடியம் லார்டேட் என்றால் பன்றி. சோடியம் ஸ்டியரேட் இரு வழியிலும் வரக்கூடும். அதை விற்பவரிடமே எழுத்தில் கேட்டுப் பெறுவது நன்று. தாவர மூலமென உறுதியானால் விவாதத்திற்கே இடமில்லை.

விலங்குக் கொழுப்பாயின், நம் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. நஜீஸான எண்ணெய் சோப்பாக முற்றிலும் உருமாறிய பின் தூய்மையாகிவிடுகிறது என்ற இமாம் முஹம்மது (ரஹ்) அவர்களின் கருத்தின்படி ஹனஃபி மத்ஹபில் தீர்ப்பு வழங்கப்படுகிறது. ஷாஃபி மத்ஹபிலோ, அவ்வாறான உருமாற்றத்தால் தூய்மையாகும் பொருள்கள் மிகச் சிலவே. தானாகப் புளித்துக் காடியாகும் மது போன்றவை மட்டும். நம் மாவட்டத்தின் கடலோர ஊர்களில் ஷாஃபி வழி நடப்போர் பலர். உள்ளூர்களில் ஹனஃபிகள் மிகுதி. மணமகன் ஒரு வழி, மணமகள் மற்றொரு வழி என்னும் வீட்டுத் திருமணத்திற்குச் சோப்பு வார்ப்பவர் தேங்காயெண்ணெய் அடிக்கட்டியைக் கொள்வதே இரு வீட்டாருக்கும் நிம்மதி.

ஆனால், அந்தத் தாயாரின் கைவேலையைப் பார்த்தபோது நம்மை உறுத்தியது கொழுப்பன்று, எழுத்து. மணமக்கள் பெயரைச் சோப்பில் பொறித்துத் தரக் கேட்கிறார்கள். அப்துல்லாஹ், அப்துர் ரஹ்மான் என்ற பெயர்களுக்குள் இறைவனின் திருநாமம் இருக்கிறது. சிலர் பிஸ்மில்லாஹ்வையே அரபி எழுத்தில் வார்க்கச் சொல்கிறார்கள். அதற்கென சிலிக்கான் அச்சுகளும் விற்பனைக்கு வந்துவிட்டன. கேட்பவர்களின் நோக்கம் பரக்கத்துதான், ஐயமில்லை. எனினும் அந்தக் கட்டி நாளை எங்கே போகும்? குளியலறைக்கு, கழிப்பறைக் கை கழுவும் தொட்டிக்கு. அழுக்கோடு தேய்ந்து சாக்கடையில் கலக்கும். திருநாமம் பொறித்த மோதிரத்தையே கழிப்பறைக்குள் கொண்டு செல்வதை நம் முன்னோர் வெறுத்திருக்க, அந்நாமத்தை உடலில் தேய்த்துக் கரைக்கலாமா? பெயரைச் சோப்பில் எழுதாமல் மேலுறையில் செருகும் அட்டையில் எழுதட்டும். கட்டியில் பூவும் பிறையும் கொடியும் போதும்.

கரடிப் பொம்மை முதலான உயிருருவ அச்சுகளைப் பற்றியும் கேட்கிறார்கள். குழந்தைகளின் விளையாட்டுப் பொருளில் உலமாக்கள் பலர் சலுகை காட்டியுள்ளனர். ஆயினும் இலையும் ஓடும் அலையும் இத்தனை அழகாய் இருக்கும்போது அதைத் தேடிப் போவானேன் என்பதே நம் எண்ணம். குலாப் ஜாமூன் போலவும் ஜெல்லி மிட்டாய் போலவும் வார்ப்பதை மட்டும் கண்டிப்பாகத் தவிர்க்கச் சொல்வோம். விருந்துப் பையைத் திறக்கும் மூன்று வயதுப் பிள்ளை அதை வாயில் போட்டுவிடும். உணவென ஏமாந்து வாயில் வைத்தால் தீங்கு தரும் பொருள்களின் விற்பனையை ஐரோப்பிய நாடுகள் 1987இலேயே தடுக்க முற்பட்டன.

செய்முறையில் நாம் கற்றுக்கொண்ட சிலவற்றையும் சொல்லலாம். நீர் கொதிக்கும் பாத்திரத்தின் மேல் மற்றொரு கிண்ணம் வைத்தே உருக்க வேண்டும். கொதித்தால் கட்டி வியர்த்துக் கலங்கும். ஏறத்தாழ 55 டிகிரி செல்சியஸுக்குச் சூடு தணிந்த பின்பே நறுமண எண்ணெய் சேர்க்க வேண்டும். நூற்றுக்கு இரண்டு பங்குக்கு மேல் வேண்டாம், தோல் எரியும். பசும்பாலும் பழச்சாறும் கெட்டுப்போகும்; ரோஜா இதழ் சில வாரங்களில் பழுப்பேறும். கிளிசரின் காற்றின் ஈரத்தை இழுப்பதால், நம் கடலூர்ப் பக்கத்து வானிலையில் இறுகிய உடனே மெல்லிய உறையில் சுற்றிவிட வேண்டும். மேற்பரப்பின் குமிழை அகற்றத் தெளிக்கும் ஐசோபுரொப்பைல் ஸ்பிரிட் குடிக்கும் மதுவன்று. அஞ்ச வேண்டியது அதன் தீப்பற்றும் தன்மைக்குத்தான். எரியும் அடுப்பருகே ஒருபோதும் தெளிக்கலாகாது.

அடுத்து, வியாபார நேர்மை. தொழிற்சாலைக் கட்டியை உருக்கி வார்த்துவிட்டு, 'ரசாயனமே இல்லாத மூலிகைச் சோப்பு, முழுதும் கையால் செய்தது' என்று எழுதுவது பொய். தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கைவிட்டு ஈரத்தைக் கண்டு வியாபாரியைக் கண்டித்த நிகழ்ச்சி நம் பிள்ளைகளுக்கும் பாடம். வேப்பிலைத் தூள் ஒரு சிட்டிகை இட்டதால் அது தோல் நோய்க்கு மருந்தாகிவிடாது. 'உருக்கி வார்த்த கிளிசரின் சோப்பு' என்றே எழுதலாம். அதன் அழகை அது குறைப்பதில்லை.

இன்னொன்று பலருக்கும் கசக்கும். தம் வீட்டுக்கும் உறவினருக்கும் செய்துகொள்வதைப் பற்றிய பேச்சன்று இது. விற்பனைக்கென அழகுப் பொருள் தயாரிப்பதற்கு 1940ஆம் ஆண்டுச் சட்டமும் 2020ஆம் ஆண்டு விதிகளும் உரிமம் கேட்கின்றன. தனி இடமும் பதிவேடும் ஒற்றைச் சமையலறையில் எளிதில் அமையா. கைம்பெண் ஒருவரிடம் 'உரிமம் எங்கே' என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடுவது நமக்குத் தகுமா? ஆண்டில் பல மாதங்கள் பூட்டிக் கிடக்கும் அறைகள் நம் ஜமாஅத் கட்டடங்களில் இல்லாமல் இல்லை. பெண்கள் நால்வர் ஐவர் கூடி உரிமம் பெறும் அளவுக்கு அவற்றுள் ஒன்றைச் செம்மைப்படுத்திக் கொடுக்க நிர்வாகிகள் முன்வர வேண்டும். ஸக்காத் பணத்தை ஆண்டுதோறும் கையில் திணிப்பதைவிட இது அவர்களுக்கு மானமாயிருக்கும்.

மறுவாரமே வகுப்பில், முன்பு சொன்னது பிழை என்று பிள்ளைகள் முன்னிலையில் ஒப்புக்கொண்டோம். அந்தச் சிறுமியிடம் அவள் தாயாருக்கு ஒரு வேண்டுகோளும் அனுப்பினோம்: இஹ்ராமில் இருப்போர் நறுமணப் பொருளைத் தவிர்க்க வேண்டும், கடைச் சோப்புகளோ பெரும்பாலும் மணமூட்டப்பட்டவை. மணமும் நிறமும் சேர்க்காத சிறு கட்டிகள் வார்த்துத் தர இயலுமா என்று கேட்டிருந்தோம். இவ்வாண்டு நம்மூரிலிருந்து உம்ரா சென்ற குழுவினரின் பைகளில், வெள்ளைத் தாளில் சுற்றிய அந்தக் கட்டிகள் இருந்தன.